ஓலையில் இல்லாத கேள்வி, ஃபார்மில் மட்டும் ஏன்?

மேட்ரிமோனி தளத்தில் வரன் தேடுபவர்களைக் கிண்டல் செய்து நம்ம கல்லூரி குரூப்களில் வாரத்துக்கு ஒரு மீமாவது வந்துவிடும். நான் அந்தக் கட்சி இல்லை. ஆன்லைனில் துணை தேடுவது நல்ல விஷயம்னுதான் நினைக்கிறேன். அதுவும் எங்களை மாதிரி கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ரொம்பவே தேவையான விஷயம். ஆனால் அந்த ஃபார்மில் 'சாதி'ன்னு ஒரு கட்டம் இருக்கிறது. ஒரு கத்தோலிக்கர் இன்னொரு கத்தோலிக்கரைத் தேடும்போது அந்தக் கட்டம் எதற்கு? இதைத்தான் இந்தக் கட்டுரையில் கேட்கப் போகிறேன். நீங்கள் கத்தோலிக்கராக இல்லாவிட்டாலும் படியுங்கள். உங்கள் வீட்டு ஃபார்மிலும் அதே கட்டம் இருக்கும்.

முதலில், ஏன் ஆன்லைன்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் சுமார் 6 சதவீதம். அதற்குள்ளேயே ஆர்.சி., சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று பல பிரிவுகள். கன்னியாகுமரியிலோ தூத்துக்குடி கடற்கரையிலோ பிறந்தவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. தெருவுக்குத் தெரு கோயில் இருக்கும், ஒவ்வொரு கோயிலிலும் ஆள் இருப்பார்கள். தர்மபுரியிலோ நாமக்கல்லிலோ இருக்கும் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தைக் கேட்டுப் பாருங்கள். ஞாயிறு பூசையில் தன் வயதில் இருப்பவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

முன்பு இதற்கெல்லாம் ஆட்கள் இருந்தார்கள். உபதேசியார் நாலு ஊர் போய் வருவார், எந்த வீட்டில் பையன் இருக்கிறான் என்று அவருக்குத் தெரியும். கான்வென்ட் சிஸ்டர் ஒருத்தர் தன்னிடம் படித்த பெண்ணைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லுவார். எல்லாவற்றுக்கும் மேலே அத்தைகள் இருந்தார்கள். இப்போது பெண் பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கிறாள், பையன் தோஹாவில் இருக்கிறான். இரண்டு பேரையும் தெரிந்த ஓர் உபதேசியார் எங்கே கிடைப்பார்? அதனால் தேடல் போனுக்கு வந்துவிட்டது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இதே தேவை அமெரிக்கக் கத்தோலிக்கர்களுக்கும் இருந்தது. அங்கே 1999-ல் தொடங்கிய ஒரு தளம் இன்று கத்தோலிக்மேட்ச் என்ற பெயரில் இயங்குகிறது. ஆரம்பத்தில் அதற்கு வானதூதர் இரபேலின் பெயர்தான். விவிலியத்தில் தோபித்து நூலைப் படித்தவர்களுக்குக் காரணம் தெரியும். இளைஞன் தோபியாவுக்கு வழித்துணையாகப் போய், சாராவைப் பெண் பார்த்துக் கல்யாணம் முடித்து வைத்தவர் இரபேல்தான். கத்தோலிக்கர்களுக்கு அவர்தான் ஒரிஜினல் தரகர்!

அந்தத் தளத்தின் புரொஃபைலில் திருச்சபையின் போதனைகள் பற்றி ஏழு கேள்விகள் உண்டு. நற்கருணை, திருமணத்துக்கு முந்தைய உறவு, கருத்தடை மாதிரி விஷயங்களில் திருச்சபை சொல்வதை ஏற்கிறீர்களா என்று கேட்கும். அந்தக் கேள்விகள் சரியா தப்பா என்று தனியாகச் சண்டை போடலாம். எனக்கே இரண்டு மூன்றில் சந்தேகம் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஃபார்ம் 'நீ எதை நம்புகிறாய்?' என்று கேட்கிறது. நம்ம ஊர் ஃபார்ம் 'நீ யாருக்குப் பிறந்தாய்?' என்று கேட்கிறது.

எங்க வீட்டு லேப்டாப்பில் நடந்தது

என் அக்காவுக்கு 28 வயது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். போன வருஷ டிசம்பர் லீவில் நான் வீட்டுக்குப் போனபோது, "நீதான கம்ப்யூட்டர் படிக்கிற, நீயே ஃபில் பண்ணு"ன்னு அப்பா லேப்டாப்பை என்கிட்ட தள்ளிட்டார். மதம்: கிறிஸ்தவம். பிரிவு: ரோமன் கத்தோலிக்கம். அதற்கு அடுத்த கட்டம்: சாதி. கிளிக் பண்ணினால் நீளமாக ஒரு பட்டியல் இறங்குகிறது. பூசைக்குப் போவாயா என்று அந்த ஃபார்மில் எங்கேயும் கேட்கவில்லை.

எங்கள் சாதி என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. கட்டுரையை இவ்வளவு தூரம் படித்துவிட்டு அதை யோசிக்கத் தொடங்கியிருந்தால், அந்த யோசனையைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா சொன்னதை டைப் பண்ணினேன். அடுத்த பக்கம் 'எதிர்பார்ப்பு'. வயது, உயரம், சம்பளம். அங்கேயும் ஒரு சாதிக் கட்டம். நாங்கள் எதுவும் தொடாமலேயே அதில் எங்கள் சாதி தானாக நிரம்பியிருந்தது. தேடச் சொன்னதும் 31 புரொஃபைல் வந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த டிக்கை எடு"ன்னு சொன்னாள். எடுத்தேன். 400-க்கு மேல் வந்தது. எல்லாரும் கத்தோலிக்கர்கள், எல்லாரும் தமிழ் பேசுபவர்கள், எல்லாரும் அவள் கேட்ட வயதில்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு போன்கள் வர ஆரம்பித்தன. அக்கா பெயரைக் கேட்பதற்கு முன்னாலேயே, "நீங்க என்ன ஆளுங்க?"ன்னு கேட்டவர்கள் உண்டு. புரொஃபைலில் போட்டிருப்பதைப் போனில் உறுதி செய்துகொள்கிறார்களாம்! ஒரு பையனும் அக்காவும் இரண்டு வாரம் பேசினார்கள். அவன் பங்கில் பாடகர் குழுவில் இருப்பவன், அக்காவுக்கும் பாட்டு பிடிக்கும். பிறகு அவன் அம்மா பேசினார். அந்தக் கேள்வியைக் கேட்டார். அப்பா பதில் சொன்னார். "ஜெபத்துல வச்சிருக்கோம், ஆண்டவர் சித்தம் எப்படியோ"ன்னு சொல்லிவிட்டு வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பையனிடமிருந்து மெசேஜ் வரவில்லை. ஆண்டவருடைய சித்தத்துக்கும் எங்கள் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று அக்கா அன்றைக்கு ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்கிட்ட பதில் இல்லை.

திருச்சபைச் சட்டம் என்ன சொல்லுது?

பதில் தேடிப் போய்த்தான் திருச்சபைச் சட்டத் தொகுப்பைப் படித்தேன். இப்போது நடைமுறையில் இருப்பது 1983-ல் வந்தது. அதில் ஒரு கல்யாணத்தையே செல்லாததாக்கும் தடைகள் 12 இருக்கின்றன, 1083 முதல் 1094 வரையான விதிகள். வயது குறைவு, ஏற்கெனவே திருமணமாகியிருப்பது, குருப்பட்டம், துறவற வார்த்தைப்பாடு, பெண்ணைக் கடத்தி வைத்துத் திருமணம் செய்வது, நெருங்கிய இரத்த உறவு, தத்தெடுப்பால் வந்த உறவு, இப்படிப் போகிறது. பன்னிரண்டையும் இரண்டு தடவை படித்தேன். சாதி இல்லை. கல்யாணத்தை உண்டாக்குவது அந்த இருவரின் சம்மதம் என்றும், அதற்கு ஈடாக வேறு எந்த மனித அதிகாரமும் வர முடியாது என்றும் 1057-ஆம் விதி சொல்கிறது. மனித அதிகாரம் என்றால் அப்பா, பெரியப்பா, ஊர்க் கமிட்டி எல்லாம் சேர்த்துத்தான்.

கோயிலுக்கு வராத நண்பர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் 'ஓலை' வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும், இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம் நடக்கப் போகிறது, தடை ஏதாவது தெரிந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள் என்று அறிவிப்பார்கள். 1215-ல் நடந்த நான்காம் லாத்தரன் சங்கத்திலிருந்து வரும் வழக்கம் இது. மூன்று வாரம் ஊருக்கே பகிரங்கமாகக் கேட்கிற அந்த அறிவிப்பில், 'பையனும் பெண்ணும் வேற வேற சாதி' என்று எழுந்து சொன்னால் அது தடையாகாது. ஓலைக்குத் தேவைப்படாத தகவல் ஃபார்முக்கு மட்டும் ஏன் தேவைப்படுகிறது?

இன்னொரு வேடிக்கை. நம்ம ஊரில் அத்தை பையன், மாமா பொண்ணு கட்டுவது சாதாரணம். ஆனால் திருச்சபைச் சட்டப்படி அது தடை. 1091-ஆம் விதியில் நான்காம் படி வரை இரத்த உறவு கூடாது என்று இருக்கிறது, அத்தை மாமா பிள்ளைகள் அதற்குள் வருவார்கள். அப்படியும் அந்தக் கல்யாணங்கள் கோயிலில் நடக்கின்றனவே, எப்படி? பங்குத்தந்தை மூலமாக ஆயரிடம் விண்ணப்பம் போட்டு விதிவிலக்கு வாங்குகிறார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை, அது சட்டத்திலேயே இருக்கும் வழி. ஆனால் யோசித்துப் பாருங்கள். திருச்சபை கூடாது என்று சொன்ன கல்யாணத்துக்கு மனு எழுதி, ஆயர் கையெழுத்து வாங்கி வருகிறோம். திருச்சபை தடுக்கவே தடுக்காத கல்யாணத்துக்கு எந்த ஆயர் கையெழுத்துப் போட்டாலும் வீட்டில் விதிவிலக்கு கிடைக்காது. அப்படியானால் நாம் உண்மையில் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறோம்?

சுவர் போச்சு, ஃபில்டர் வந்துச்சு

திருநெல்வேலி மாவட்டத்தில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர். அங்கே 1872-ல் கட்டி முடித்த திருக்குடும்பக் கோயிலை மேலிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி இருக்கும். இரண்டு கால்கள், இரண்டும் சேருமிடத்தில் பீடம். ஒரு காலில் வெள்ளாளர், இன்னொன்றில் நாடார், நடுவில் சுவர். ஒரே பூசை, ஆனால் ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. 1910-ல் பங்குத்தந்தை கௌசானல் அந்தச் சுவரை இடிக்க வைத்தார். தங்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று கேட்டவர்கள் மதராஸ் உயர்நீதிமன்றம் வரை வழக்கு நடத்தித் தோற்றார்கள்.

நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது டேட்டாபேஸ் வகுப்பில் படித்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். குவெரியில் ஒரு நிபந்தனை வைத்தால், அதில் தேறாத வரிசைகள் திரைக்கே வராது. எங்கள் வீட்டில் அந்த டிக் இருந்தவரை 370 பேருக்கு மேல் எங்கள் கண்ணிலேயே படவில்லை. அவர்களை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, யாரும் யாரையும் அவமானப்படுத்தவில்லை, எந்தச் சண்டையும் இல்லை. வடக்கன்குளத்துச் சுவரிலாவது ஒரு நேர்மை இருந்தது. அது கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் ஒருவரால் அதை இடிக்க முடிந்தது. திரைக்கே வராத 370 பேருக்காக யார் வழக்குப் போடுவார்கள்?

திருச்சபைத் தலைவர்கள் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் ரோமுக்குப் போயிருந்தபோது, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் கிறிஸ்தவர்களுக்கிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று அவர்களிடமே பேசினார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. இந்தியாவின் 1.9 கோடி கத்தோலிக்கர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று அதிலேயே சொன்னார்கள். ஆவணங்கள் இருக்கின்றன. ஆனால் நான் பார்த்த ஒரு பங்கின் திருமணத் தகவல் படிவத்தில் திருமுழுக்கு, உறுதிபூசுதல் தேதிகளுக்குக் கீழேயே 'இனம்' என்று ஒரு வரி இருந்தது. ஆயர் பேரவையின் தாள் அந்த மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை போல.

இது வெறும் ஃபார்ம் விஷயம் இல்லை என்பதற்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2018 மே மாதம் கோட்டயத்தைச் சேர்ந்த ஒரு தலித் கிறிஸ்தவ இளைஞர், காதலித்த பெண்ணைத் திருமணம் செய்ய முடிவெடுத்ததற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். அடுத்த வருஷம் நீதிமன்றம் அதை ஆணவக் கொலை என்றே சொல்லி, பெண்ணின் அண்ணன் உட்பட 10 பேருக்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. ஃபார்மில் டிக் போடுகிறவர்கள் எல்லாரும் கொலைகாரர்கள் என்று சொல்லவில்லை. அந்த டிக்கும் அந்தக் கொலையும் நம்புவது ஒன்றைத்தான் என்று சொல்கிறேன்.

மறுப்புகள்

'ஒரே சாதின்னா பழக்கவழக்கம் ஒத்துப்போகும்' என்பார்கள். எங்கள் தெருவில் ஒரே சாதியில் கட்டிக்கொடுத்த இரண்டு வீடுகளில் தினமும் சண்டை. ஒன்றில் காரணம் குடி, இன்னொன்றில் கடன். குடிப்பாரா, கடன் இருக்கிறதா என்று எந்த ஃபார்மிலும் அவர்கள் சாதியைக் கேட்ட அளவுக்கு அழுத்திக் கேட்கவில்லை.

'பிள்ளைகளுக்கு நாளைக்கு சாதிச் சான்றிதழ் வேணுமே' என்பார்கள். இது நியாயமான கவலை. இட ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் வேண்டும்தான். அதிலும் 1950-ஆம் ஆண்டு ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்கு எஸ்.சி. தகுதியே கிடையாது, தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில்தான் வருகிறார்கள். அந்த அநியாயத்தைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் அரசாங்கம். மாப்பிள்ளை தேடும் பக்கம் தாலுகா ஆபீஸ் இல்லை.

மூன்றாவது மறுப்பை என் ஹாஸ்டல் தோழி சொன்னாள். அவளும் கத்தோலிக்கர், தலித். நான் இந்தக் கட்டுரையை எழுதப் போகிறேன் என்றதும், "சாதியைப் போடாதீங்கன்னு மட்டும் எழுதிடாத"ன்னு சொன்னாள். "நான் காலியா விட்டேன்னு வை. மூணு மாசம் நல்லா பேசுவாங்க, அப்புறம் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு ஓடிடுவாங்க. முதல்லயே போட்டுட்டா ஓடுறவன் முதல்லயே ஓடுவான். அந்த மூணு மாசம் எனக்கு மிச்சம்." அக்காவுக்கு அது இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமே எப்படி வலித்தது என்று பார்த்தவள் நான். அவள் சொல்வதற்கு என்னால் மறுப்புச் சொல்ல முடியவில்லை.

அதனால் என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஃபார்மில் சாதிக்கு இரண்டு கட்டம். ஒன்று, உன் சாதி. அதைப் போடுவதும் விடுவதும் அவரவர் இஷ்டம். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒருத்தி அதை எழுதுகிறாள் என்றால் அவளைக் கேள்வி கேட்க எனக்கு உரிமை இல்லை. இரண்டாவது, எதிர்பார்க்கும் சாதி. அதுதான் சுவர். அதைக் காலியாக விட வேண்டிய பொறுப்பு எல்லாருக்கும் உண்டு. எந்தச் சாதிக்குக் கதவுகள் எளிதாகத் திறக்கின்றனவோ, அவர்களுக்கு அந்தப் பொறுப்பு இன்னும் அதிகம். என் தோழி தன் சாதியை எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒரே மாதிரி போன் வர வேண்டும் என்றால், மாற வேண்டியது அவள் ஃபார்ம் இல்லை, எதிரில் இருப்பவர்களின் ஃபார்ம்.

வேறென்ன கேட்கலாம்?

அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டால் கேட்க ஒன்றும் இல்லையா என்ன? கல்யாணத்துக்கு முன் மறைமாவட்டத்தில் திருமணத் தயாரிப்பு வகுப்பு நடக்கும். அதில் பேசச் சொல்கிற விஷயங்களை, மண்டபம் புக் பண்ணிய பிறகு பேசாமல், முதல் போனிலேயே பேசலாமே. ஞாயிற்றுக்கிழமை பூசை உனக்கு முக்கியமா, பழக்கத்துக்காகப் போகிறாயா? குடிப்பாயா? கடன் எவ்வளவு? நான் நைட் டியூட்டி பார்த்தால் காலையில் யார் சமைப்பது? என் சம்பளத்தில் என் அம்மா அப்பாவுக்கு அனுப்பினால் உனக்குச் சம்மதமா? வரதட்சணை என்ற வார்த்தையைச் சொல்லாமல் 'உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறத செய்யுங்க' என்று உங்கள் வீட்டில் சொல்வார்களா? அக்கா இப்போது இந்தக் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். போனில் பேசுகிறவர்களிடம் வரிசையாகக் கேட்கிறாள். சிலர் பயந்து ஓடுகிறார்கள். அவர்கள் ஓடினால் அவளுக்கு வலிப்பதில்லை.

மேட்ரிமோனி கம்பெனிகளை மாற்றச் சொல்லலாம். அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, கேட்கிறவர்கள் இருக்கும்வரை அந்தக் கட்டம் இருக்கும். பங்குகளும் மறைமாவட்டங்களும் வேறு. அவர்கள் வியாபாரம் செய்யவில்லை. தங்கள் படிவத்திலிருந்து அந்த ஒரு வரியை எடுக்க அவர்களுக்கு யார் அனுமதியும் தேவையில்லை. பங்குப் பேரவையில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் கேளுங்கள், நானும் எங்கள் பங்கில் கேட்டிருக்கிறேன். 'பார்க்கலாம்மா' என்று சொல்லியிருக்கிறார்கள்.

மீதி நம்ம கையில்தான். மே மாதம் நாம் எல்லாரும் டிகிரி முடிக்கிறோம். இன்னும் மூன்று நான்கு வருஷத்தில் நம்ம வீடுகளிலும் யாரோ ஒருவர் லேப்டாப்பைத் திறந்து நம்ம பெயரில் ஒரு புரொஃபைல் போடுவார்கள். பெரும்பாலும் நாம் பக்கத்தில்கூட இருக்க மாட்டோம். பாஸ்வேர்டை வாங்கிக்கொள்ளுங்கள். 'எதிர்பார்ப்பு' பக்கத்துக்குப் போங்கள். நீங்கள் போடாத ஒரு டிக் அங்கே இருக்கும். அதை எடுத்துவிட்டு, எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.